கல்பாசி ஒன்றல்ல, இரண்டு!



அறிவியல் பக்கத்துக்கு இந்த மாதம் என் முறை. முதலில் வால் நட்சத்திரம் பற்றி எழுதலாம்னு இருந்தேன். பாதி எழுதியும் வைத்துவிட்டேன். அதுக்குள்ள எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்து தலைப்பே மாறிப்போச்சு. சண்டைக்குக் காரணம் கல்பாசி.

கல்பாசி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் பட்டை, கிராம்பு தாளிக்கும்போது கூடவே போடுவார்களே, ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் கருப்பு, காய்ந்த சருகு மாதிரி இருக்குமே, அதேதான். சாப்பிடும்போது பல்லில் பட்டால் எடுத்துத் தட்டோரம் வைத்துவிடுவோம். பச்சையாக மோந்து பார்த்தால் பெரிசா ஒரு வாசனையும் இருக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் மண்ணும் புகையும் கலந்த மாதிரி ஒரு மணம் கிளம்பும். செட்டிநாட்டுச் சமையலில் இது இல்லாமல் முடியாது என்பார்கள். மராட்டியில் இதன் பெயர் தகட் பூல். அதற்கும் 'கல்பூ' என்றுதான் அர்த்தம்.

எங்கள் அம்மாயி சந்தையில் மசாலாப் பொடி விற்கிறாங்க. முழு கல்பாசியும் எடை போட்டுத் தருவாங்க. வாடிக்கையாக வாங்கும் ஒரு மெஸ் அக்கா உண்டு. அந்த அக்கா வாங்கிப்போன அரை கிலோவை ஒரு நாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாங்க. கல்பாசி எடையே இருக்காது. அரை கிலோ என்றால் ஒரு கட்டைப்பை நிறைய வரும்.

"அம்மா, இத்தன வருசமா உங்ககிட்டதான் வாங்கறேனுங்க. இந்தத் தடவ பாதிக்குப் பாதி வேற என்னமோ கலந்திருக்குதாட்ட இருக்குது. இது கல்பாசி இல்லீங்க, மரப்பாசி" என்றார் அக்கா.

அம்மாயிக்கு முகம் சிவந்துபோச்சு. "நான் கலப்படம் பண்ணறவளா?" என்று ஒரே சத்தம். கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. அது என் தம்பிக்கு நோட்டு வாங்க முடிந்து வைத்திருந்த பணம். அன்றைக்கு ராத்திரி அம்மாயி சாப்பிடவில்லை. "முப்பது வருசத்துல ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல கண்ணு" என்று என்னிடம் சொன்னாங்க. எனக்கு அழுகையாக வந்தது. மெஸ் அக்கா சொன்னது நிஜமா பொய்யா என்று நானே பார்த்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அடுத்த நாள் ஒரு கை கல்பாசியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் அறிவியல் டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் லென்ஸ் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பாசியே இல்ல, தெரியுமா?" என்றாங்க. நான் முழித்தேன்.

பெயரில்தான் பாசி இருக்கிறது. உண்மையில் கல்பாசி ஒரு லைக்கன். குளத்தில் இருக்கும் பாசி தனி உயிர். மழைக்காலத்தில் சுவரில் பச்சை வெல்வெட் மாதிரி படருவது மாஸ் என்ற சின்னச் செடி. லைக்கன் இந்த இரண்டும் இல்லை. அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பூஞ்சை வீடு கட்டுகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, வெயில் படாமல் மூடிக் காக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சமைத்துப் போடுகிறது. கல்பாசிக்குள் இருக்கும் பாசி ட்ரெபோக்ஸியா என்ற வகை. ஒரே ஒரு செல்தான், பச்சை உருண்டை. இரண்டு உயிரும் ஒன்றாக இருந்தாலும் லைக்கனுக்கு வைக்கிற அறிவியல் பெயர் பூஞ்சைக்கு உரியதுதான். பாசிக்குத் தனிப் பெயர். (சமைக்கிறவர் ஒருத்தர், வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இன்னொருத்தருக்கு! எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.)

இதை முதலில் சொன்னவர் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். 1867ஆம் ஆண்டு சொன்னார். அப்போது பெரிய லைக்கன் அறிஞர்கள் பலர் நம்பவில்லை. இரண்டு உயிர் சேர்ந்து ஒரு உயிராக இருப்பதாவது, கதை என்று எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கீழே திரும்பவும் சொல்லப்போகிறேன், பெயரை நினைவில் வையுங்கள்: வில்லியம் நைலாண்டர்.

சரி, கலப்படம் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் 'கல்பாசி' என்று வாங்கும் பொட்டலத்தில் ஒரே சிற்றினம் இருக்காது, பல லைக்கன்கள் கலந்துதான் வரும் என்று டீச்சர் சொன்னாங்க. மலையில் பறிக்கிறவர்கள் பாறையிலும் மரத்திலும் கைக்குக் கிடைப்பதைச் சுரண்டி ஒரே சாக்கில் போடுகிறார்கள். அதில் முக்கியமாக இருப்பவை இரண்டு. இரண்டும் பார்மோட்ரீமா என்ற ஒரே பேரினம். ஒன்று பார்மோட்ரீமா பெர்லாட்டம். புத்தகங்களில் கல்பாசி என்று போட்டு அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான். இன்னொன்று பார்மோட்ரீமா டிங்டோரம். அக்கா தங்கை மாதிரி. தூரத்தில் பார்த்தால் யார் அக்கா யார் தங்கை என்று தெரியாது.

இரண்டுக்கும் மேல்பக்கம் சாம்பல் நிறம். அடிப்பக்கம் நடுவில் கருப்பு, ஓரத்தில் பழுப்பு. இரண்டும் இலை இலையாக மடிப்பு வைத்து வளரும். இரண்டும் கல்லிலும் வளரும், மரத்திலும் வளரும். அதனால் 'கல்லில் இருந்தால் நிஜம், மரத்தில் இருந்தால் போலி' என்பது தப்பு. மெஸ் அக்கா 'மரப்பாசி' என்று சொன்னதற்கு அர்த்தமே இல்லை. எனக்கு இதைக் கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் 'பாதிக்குப் பாதி வேற என்னமோ' என்று சொன்னார்களே, அது? அதற்கு ஒவ்வொரு துண்டாகப் பார்த்தால்தான் விடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திண்ணையில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. பிறகு கண் பழகிவிட்டது.

முதலில் விளிம்பைப் பாருங்கள். பெர்லாட்டத்தின் விளிம்பு லேசாகச் சுருண்டு, அதன் ஓரத்தில் அரிசி மாவு தூவிய மாதிரி ஒரு பொடி ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் பொடி விரலில் வந்துவிடும். இந்தப் பொடியின் பெயர் சொரிடியா. ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பாசி செல்கள், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் பூஞ்சை இழை. காற்று அடித்தாலோ மழைத்துளி தெறித்தாலோ துகள் பறந்து போய் வேறு மரத்தில் விழும், அங்கே புது லைக்கன் முளைக்கும். விதை மாதிரி என்று சொல்லலாம். ஆனால் விதை இல்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற புருஷன் பெண்டாட்டி மாதிரி, இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள்!

டிங்டோரத்தின் விளிம்பில் பொடியே கிடையாது, மழமழவென்று இருக்கும். ஆனால் நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள். மாட்டு நாக்கு மாதிரி சொரசொரப்பு. லென்ஸில் பார்த்தால் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன முளைகள் நெருக்கமாக நிற்கும். சில முளைகள் பவளம் மாதிரி கிளைவிட்டும் இருக்கும். இவற்றின் பெயர் ஐசிடியா. இவற்றுக்குள்ளும் பாசியும் பூஞ்சையும் உண்டு. ஆனால் மேலே தோல் மூடியிருக்கும். அதனால் தேய்த்தால் மாவாக வராது, ஒடிந்து விழும். ஒடிந்த துண்டு வேறு இடத்தில் ஒட்டி வளரும். ஒரே வேலைக்கு அக்கா ஒரு வழி, தங்கை ஒரு வழி.

அடுத்தது முடி. பெர்லாட்டத்தின் விளிம்பில் அங்கங்கே கண் இமை மாதிரி கருப்பு முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரொம்பக் குட்டை. டிங்டோரத்துக்கு இமை இல்லை. ஆனால் காய்ந்த சரக்கில் முடி ஒடிந்துபோயிருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இலை அகலமும் அப்படித்தான். டிங்டோரம் பொதுவாக அகலமான இலை, கட்டைவிரலுக்கு மேலும் போகும். பெர்லாட்டம் கொஞ்சம் ஒடுக்கம். சாக்கில் நசுங்கி நொறுங்கி வந்த பிறகு அகலத்தை எங்கே போய் அளப்பது?

சந்தை சரக்கில் பாதித் துண்டுகளுக்கு நடுப்பகுதி இருந்தால் விளிம்பு இல்லை, விளிம்பு இருந்தால் நடுப்பகுதி இல்லை. நான் சோர்ந்துபோய் டீச்சரிடம் திரும்பிப் போனேன். அப்போதுதான் டீச்சர் நிறச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தாங்க. இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

லைக்கன் துண்டின் மேல் தோலை பிளேடால் மெல்லச் சுரண்டினால் முதலில் பச்சையாக ஒரு படலம் வரும். அதுதான் பாசி இருக்கும் அடுக்கு. அதற்கும் கீழே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு அடுக்கு. அது பூஞ்சை இழைகள். அந்த வெள்ளையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு வைக்க வேண்டும். டிங்டோரமாக இருந்தால் உடனே ரத்தச் சிவப்பாக மாறும். பெர்லாட்டமாக இருந்தால் ஒன்றும் ஆகாது, வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். காரணம், டிங்டோரத்தின் வெள்ளை அடுக்கில் லெக்கனோரிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட் அதோடு சேர்ந்தால் சிவப்பு. பெர்லாட்டத்தில் லெக்கனோரிக் அமிலம் இல்லை, அதற்குப் பதிலாக ஸ்டிக்டிக் அமிலம் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடருக்கு எங்கே போவது? தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த நினைவு வந்தது. டேங்க் ஆபரேட்டர் மாமாவிடம் கேட்டேன். மூட்டையின் அடியில் கிடந்ததில் ஒரு ஸ்பூன் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கரைத்து, சொட்டு வைத்தேன். முதல் துண்டு, மாற்றம் இல்லை. இரண்டாவது, இல்லை. பத்துத் துண்டு, இருபது துண்டு, எதுவுமே சிவக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! எல்லாமே பெர்லாட்டம், கலப்பே இல்லை! ஓடிப்போய் அம்மாயியிடம் சொன்னேன். அம்மாயி அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய், "எம் பேத்தி சோதன பண்ணிப் பாத்துட்டா, எல்லாம் அசல்தான்" என்று நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டு வந்துட்டாங்க.

திங்கட்கிழமை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் கேட்டது ஒரே கேள்வி. "சிவக்கும்னு உறுதியாத் தெரிஞ்ச துண்டு ஒண்ணுல வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை.

பிளீச்சிங் பவுடர் திறந்து கிடந்தால் அதிலிருக்கும் குளோரின் போய்விடும். போன பிறகு அது வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். அதை வைத்துச் சோதித்தால் எதுவும் சிவக்காது, டிங்டோரமே வந்து உட்கார்ந்தாலும் சிவக்காது. நல்ல பவுடருக்கு மூக்கைத் துளைக்கும் நெடி இருக்க வேண்டும். நான் வாங்கியதில் நெடியே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டீச்சர் புது பாக்கெட் ஒன்று வரவழைத்தாங்க. என்னிடம் போன வருஷம் ஏற்காடு சுற்றுலாவில் எடுத்து நோட்டுக்குள் வைத்திருந்த லைக்கன் துண்டு ஒன்று இருந்தது. ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்ததை அழகாக இருக்கிறதே என்று எடுத்து வந்தது. அதன் நடுவில் சொரசொரப்பு இருந்தது, விளிம்பில் பொடியும் இமையும் இல்லை. அதைச் சுரண்டி முதலில் பழைய கரைசலை வைத்தோம். வெள்ளை. பக்கத்திலேயே புதுக் கரைசலை வைத்தோம். குங்குமம் கொட்டின மாதிரி சிவந்தது! சில நிமிஷத்தில் மங்கியும் போனது. வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்கு மட்டும் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. மெஸ்ஸில் நாலு பேர் முன்னால் அம்மாயி சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

மறுபடியும் எல்லாத் துண்டையும் சோதித்தோம். இந்தத் தடவை ஐந்து பேர் சேர்ந்து செய்தோம். சிவந்தவை ஒரு குவியல், சிவக்காதவை ஒரு குவியல். சிவந்த குவியல் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மெஸ் அக்காவின் கண்ணை மெச்சத்தான் வேண்டும். லென்ஸும் இல்லை, பிளீச்சிங் பவுடரும் இல்லை, வெறும் கண்ணால் பார்த்தே 'பாதிக்குப் பாதி' என்று சொல்லியிருக்கிறார்!

சிவக்காததெல்லாம் பெர்லாட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. அதிலிருந்து சில துண்டுகளில் டீச்சர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வைத்துப் பார்த்தாங்க. (இது கையில் பட்டால் புண்ணாகும். டீச்சர்தான் வைத்தாங்க, நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். நீங்களும் தனியாகச் செய்ய வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.) பெர்லாட்டத்தின் வெள்ளை அடுக்கு இதில் மஞ்சளாகிப் பிறகு ஆரஞ்சு நிறமாகும். பெரும்பாலான துண்டுகள் அப்படித்தான் ஆயின. ஆனால் ஒரு துண்டு மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சிவப்பானது. லென்ஸில் பார்த்தால் அதன் மேல்தோல் முழுக்க வலை பின்னிய மாதிரி வெள்ளை வெடிப்புகள். அது பார்மோட்ரீமா ரெட்டிகுலாட்டம் என்ற மூன்றாவது உறவினர். அதை இங்கே விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கட்டுரை சுவர் தாண்டிப் போய்விடும்.

இந்த நிறச் சோதனையை 1866ஆம் ஆண்டு உலகத்துக்குச் சொன்னவர் யார் தெரியுமா? மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே நைலாண்டர். பின்லாந்துக்காரர், பாரிஸ் நகரத்தில் வாழ்ந்தார். டிங்டோரம் என்ற பெயரை 1872இல் வெளியிட்டவரும் அவரே. லைக்கன் என்பது இரண்டு உயிர் சேர்ந்தது என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவரும் அவரே! இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் அதை மட்டும் ஏன் பார்க்க மறுத்தார் என்று எனக்கு ஆச்சரியம். அவர் இன்னொன்றும் கவனித்தார். பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் நிறைய இருந்தன, நகரத்தின் மற்ற இடங்களில் அப்படி இல்லை. காற்று சுத்தமாக இருந்தால்தான் லைக்கன் இருக்கும் என்று அதே 1866இல் எழுதினார். லைக்கனுக்கு வேர் கிடையாது. தண்ணீரையும் சத்தையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உடம்பு முழுக்க உறிஞ்சுகிறது. கூடவே புகையையும் ஈயம் போன்ற உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் லாரி போகும் ரோட்டோர மரத்தில் இருப்பதைப் பறித்துக் குழம்பில் போடாதீர்கள்.

டிங்டோரம் என்ற லத்தீன் சொல்லுக்கு 'சாயக்காரர்களுடைய' என்று பொருள். பெயரிலேயே தொழில் இருக்கிறது. லெக்கனோரிக் அமிலம் உள்ள லைக்கன்களை அம்மோனியாவில் வாரக்கணக்கில் ஊறவைத்து, காற்றுப் படும்படி கலக்கிக்கொண்டே இருந்தால் கத்தரிப்பூ நிறச் சாயம் கிடைக்கும். அந்தக் காலத்தில் அம்மோனியாவுக்கு எங்கே போவார்கள்? சிறுநீரைத்தான் பயன்படுத்தினார்கள். சிரிக்காதீர்கள், ஐரோப்பாவில் பணக்காரர்கள் அந்தத் துணியைத்தான் உடுத்தினார்கள்! நம் ஆய்வகத்தில் அமிலத்தில் தோய்த்தால் சிவக்கும், காரத்தில் தோய்த்தால் நீலமாகும் லிட்மஸ் தாள் இருக்கிறதே, அந்த லிட்மஸும் லைக்கனிலிருந்து வந்ததுதான். ரோசெல்லா என்ற வேறு வகை லைக்கன். வேலை மட்டும் கிட்டத்தட்ட இதே ரசாயனம்.

கலந்திருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி, கலந்தால் ஆபத்தா? இதற்கு டீச்சர் அமெரிக்காவில் இருக்கும் வேறு ஒரு அக்கா தங்கை கதையைச் சொன்னாங்க.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் பைன் மரங்களிலிருந்து சடைமுடி மாதிரி தொங்கும் லைக்கன்கள் உண்டு. பிரையோரியா என்று பேரினம். அதில் ஃப்ரீமாண்டி என்பது பழுப்பு நிறம். அங்கே வாழும் பழங்குடி மக்கள் அதைக் குழி வெட்டி, சூடான கற்களோடு மூடி வேகவைத்து உணவாகச் சாப்பிட்டு வந்தார்கள். டார்ட்டுவோசா என்பது மஞ்சள் கலந்த பச்சை. அதில் வல்பினிக் அமிலம் என்ற விஷம் நிறைய இருக்கிறது. ஒன்று சோறு, ஒன்று நஞ்சு. விஞ்ஞானிகள் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை இரண்டிலும் ஒன்றே, பாசியும் ஒன்றே! அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 2016ஆம் ஆண்டு டோபி ஸ்ப்ரிபில் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், லைக்கனின் மேல்தோலுக்குள் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் பூஞ்சை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் லைக்கனில் அந்த ஈஸ்ட் அதிகமாக இருந்தது. குடித்தனத்தில் இரண்டு பேர் என்று 149 வருஷமாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தோம், மூன்றாவது ஆள் மாடியில் இருந்திருக்கிறார். (எல்லா லைக்கனிலும் அவர் இல்லை. பிறகு வேறு பலர் தேடியபோது நிறைய லைக்கன்களில் அகப்படவில்லை.)

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நம்ம டிங்டோரமும் நஞ்சாக இருந்தால்? டீச்சர் சிரித்தாங்க. டிங்டோரத்தில் வல்பினிக் அமிலம் இல்லை. நம் நாட்டில் அதையும் கல்பாசி என்றே பறித்து, விற்று, மசாலாவில் போட்டுச் சாப்பிட்டு வருகிறார்கள். இத்தனை வருஷம் நம் எல்லோர் வீட்டுக் குழம்பிலும் அக்காவும் தங்கையும் சேர்ந்தேதான் கொதித்திருப்பார்கள். கலப்படம் என்றால் விலை குறைந்த வேண்டாத பொருளை ஏமாற்றிச் சேர்ப்பது. இங்கே மலையில் பறிக்கும்போதே ஒன்றாக வருகிறது, யாரும் தனித்தனி விலையும் வைக்கவில்லை.

ஆனாலும் நான் முன்னால் சொன்னது தப்பு. 'எல்லாம் ஒரே வகை' என்று சொல்லியிருக்கக் கூடாது. சனிக்கிழமை அம்மாயியைக் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். அம்மாயிக்கு வரவே விருப்பமில்லை. "போயி நம்ம வாயாலயே கலந்திருக்குதுன்னு சொல்லணுமா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாங்க. நான் இரண்டு துண்டையும் ஒரு மூடியில் வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சொட்டிக் காட்டினேன். ஒன்று சிவந்தது, ஒன்று சிவக்கவில்லை. "அக்கா, நீங்க சொன்னது சரி, ரெண்டு வகை இருக்குது. ஆனா ரெண்டும் கல்பாசிதான், எங்க அம்மாயி எதுவும் கலக்கல" என்றேன்.

அக்கா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வகையையும் தனித்தனியாக எண்ணெயில் போட்டு மோந்து பார்த்தார். அம்மாயியும் மோந்து பார்த்தாங்க. ஒருத்தர் ஒன்றுக்கு மணம் ஜாஸ்தி என்றார், இன்னொருத்தர் மற்றதுக்கு என்றார். அங்கே ஒரு சின்னச் சண்டை. கடைசியில் அக்கா கால் கிலோ மட்டும் எடுத்துக்கொண்டார். மீதிக் கால் கிலோ எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக எல்லாக் குழம்பிலும் கல்பாசி. தம்பிக்கு நோட்டு பாதி வாங்கியாச்சு.

அம்மாயிக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம்தான். ஆனால் நேற்று சந்தைக்குச் சரக்கு வந்தபோது ஒரு துண்டை எடுத்து நடுவில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சொரசொரன்னு இருக்குது, உன்ர சாயக்காரிதான?" என்று கேட்டாங்க. சரியாகச் சொல்லிவிட்டாங்க!

கடைசியாக ஒன்று. லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் ஒரு லைக்கன் ஆவதற்குள் நம்மில் பலர் படித்து முடித்து வேலைக்கே போய்விடலாம். அடுத்த மாதம் மலைக்குச் சுற்றுலா போகும்போது மரத்தில் இருப்பதைப் பிய்க்காதீர்கள். கீழே விழுந்து கிடப்பதே நிறைய இருக்கும்.

இந்தத் தாளின் அடியில் மூன்று துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். 'அ' என்பது பெர்லாட்டம், 'ஆ' என்பது டிங்டோரம். 'அ'வின் ஓரத்தை மெல்லத் தொடுங்கள், அழுத்தினால் மாவு எல்லாம் முதல் நாளே போய்விடும். 'ஆ'வின் நடுவைத் தடவுங்கள். மூன்றாவதுக்குப் பெயர் எழுதவில்லை. லென்ஸ் அறிவியல் அறையில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது யார் என்று கண்டுபிடித்தவர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் கலந்துகொள்ளலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி